அறுபது மடங்கு

அந்தப் பிளாஸ்டிக் கதிரையின் ஒரு கால் வெடித்திருந்தது. யாரோ கம்பி சுற்றிக் கட்டி வைத்திருந்தார்கள். நான் அசையாமல் இருந்தால் அதுவும் பேசாமல் நிற்கும். எனக்கு எதிரே மேசையில் ஒரு சவர்க்காரப் பெட்டி மூடி கழற்றிக் கிடந்தது. உள்ளே நான் என் கையால் ஒட்டிய மூன்று திரான்சிஸ்டர்களும், ஒரு சதுரப் பற்றரியும், கொஞ்சம் கம்பியும்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி இளவயதுக்காரர். என்னிடம் படித்துவிட்டுப் போன பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"நீங்கள் பௌதிகவியல் ரீச்சர் என்கிறீர்கள். இது என்ன செய்யும் என்று எழுதிக் காட்டுங்கள்" என்றார் ஆங்கிலத்தில். "கதை வேண்டாம். கணக்கு."

தகரச் சுவருக்கு அப்பால் என் அண்ணன் இருமினார். காலையில் அவரைக் கடற்கரையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். அந்த இருமல் கேட்கும்வரை அவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

பேனையை எடுத்தேன். ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிற அம்பிளிபயர்க் கணக்குத்தான். விரியலாக்கியின் வோல்ற்றளவு நயம் காண்க. முதல் வரியிலேயே சமன் குறி கோணலாகப் போனது.

பற்றரி இல்லாத காலம்

அந்த இராணுவ முகாம் எது, எந்த ஊர் என்று கேட்டு யாரும் எனக்கு எழுத வேண்டாம். முசலிப் பக்கத்துக் கடற்கரை என்பதோடு விடுகிறேன். அங்கே இன்னும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள்.

பற்றரியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். சண்டைக் காலத்தில், குண்டு செய்வார்கள் என்று எங்கள் பக்கத்துக்குப் பற்றரி கொண்டுவர அரசாங்கம் தடை போட்டிருந்தது. ரேடியோ கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற வேண்டும். டைனமோவில் ரேடியோ பாடும். எங்கள் வீட்டில் சுற்றுகிறவர் அந்தோனி அண்ணன். செய்தி கேட்கிறவர் அப்பா. அண்ணன் குறும்புக்குக் கையைத் தளர்த்துவார். செய்தி வாசிக்கிறவரின் குரல் தொண்டை அடைத்ததுபோல இறங்கிக்கொண்டே போகும். அப்பா ஏசத் தொடங்கியதும் மறுபடி வேகம் பிடிப்பார்.

சிரித்தது அவ்வளவுதான். ரோச் லைற்றுக்கென்று இரண்டு பற்றரியை அரிசிப் பைக்குள் வைத்துக்கொண்டு காவலரணைக் கடக்கப் பார்த்த ஒரு மனிதர் வீடு திரும்பவில்லை. அவருடைய மனைவி அதற்குப் பிறகும் பல காலம் எங்களோடு பூசைக்கு வந்தார்.

சண்டை முடிந்து, அகதி முகாமிலிருந்து எங்களைத் திருப்பி அனுப்பியபோது மன்னார்க் கடைகளில் பற்றரி சரம் சரமாகத் தொங்கியது. நானும் வாங்கினேன். தடையை எடுத்துவிட்டார்கள், இனி அது வெறும் பற்றரிதானே என்று நினைத்தேன். எங்கள் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். பற்றரியைக் கண்டு நாங்கள் பட்ட பயம் எங்களுக்கு மறக்கவில்லை. இராணுவத்துக்கும் அதே பயம் இருந்திருக்கும், அது போயிருக்காது என்பது மட்டும் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

அண்ணனின் காது

அண்ணன் சங்கு குளித்தவர். கடலுக்கு அடியில் பேச்சு இல்லை. வள்ளத்தில் இருப்பவருக்கும் மூழ்கியவருக்கும் நடுவில் ஒரு கயிறுதான். ஒரு இழுவை என்றால் நில், இரண்டு என்றால் வா. கடைசிச் சண்டையில் பங்கரின் வாசலில் ஒரு செல் விழுந்து வெடித்தது. அவருடைய இடது காது அப்போதே போய்விட்டது. வலது காதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

ஊருக்குத் திரும்பி வந்தபோது கடற்கரையில் பாதி இராணுவ முகாமின் வேலிக்குள் போயிருந்தது. எங்கள் வீடு இருந்த இடமும் வேலிக்குள்தான். வேலிக்கு வெளியே தகரக் கொட்டில் போட்டுக்கொண்டோம். அண்ணன், அவர் மனைவி திரேசா, மூன்று பெண் பிள்ளைகள், கலியாணம் கட்டாத தங்கச்சி மெற்றியான நான். முருங்கன் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு நான் பஸ்ஸில் போய் வந்தேன்.

வீட்டில் அவரைக் கூப்பிட்டுப் பயன் இல்லை. பிள்ளைகள் போய் அவர் போட்டிருக்கும் சேட்டின் நுனியை இழுப்பார்கள். நில் என்றால் ஒரு தரம், வா என்றால் இரண்டு தரம். சங்குக் கயிற்றுப் பழக்கம் கொட்டிலுக்குள் வந்துவிட்டது.

அவர் பேசுவது மட்டும் ஊருக்கே கேட்கும். தன் குரலும் காதில் விழாதவர் அல்லவா? பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் கோயிலில் இருக்கிற எல்லோரும் அவருடைய பாவங்களைத் தெரிந்துகொள்வார்கள். கடைசியில் சுவாமி அவரைக் கோயிலுக்குப் பின்னால் பனைகளுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போய்க் கேட்கத் தொடங்கினார். திரேசா வெட்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

ஆனால் காவலரணில் இருந்தவர்களுக்கு அது சிரிப்பாக இல்லை. கடலுக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போக வேண்டும். கூப்பிட்டால் நிற்க வேண்டும். பாஸைக் காட்ட வேண்டும். ஒரு காலை அவர்கள் கூப்பிட்டது அண்ணனுக்குக் கேட்கவில்லை. நடந்துகொண்டே இருந்தார். பின்னால் ஓடிவந்து அடித்துப் போட்டார்கள். காது கேளாது என்று திரேசா கையால் காட்டி அழுதாள். இவன் நடிக்கிறான், இன்னொரு தரம் நிற்காமல் போனால் சுடுவோம் என்று அவளிடம் சொல்லி அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரியில் காதுக் கருவிக்குப் பதிந்திருந்தோம். வரும் வரும் என்றார்கள். கடலுக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. அவரோடு வள்ளத்தில் போய்வந்த கூட்டாளி பள்ளிமுனைக்குக் குடிபெயர்ந்துவிட்டார். தனியாகத்தான் போக வேண்டும்.

ஒருநாள் மீன் கழுவிக்கொண்டிருந்த திரேசா கையைத் துடைக்காமலே என் முன்னால் வந்து நின்றாள்.

"மச்சாள், நீங்கள் பள்ளிக்கூடத்தில இந்த ரேடியோ அம்பிளிபயர் எல்லாம் படிப்பிக்கிறனீங்கள்தானே. இவருக்கு ஒண்டு செய்து குடுங்கோ. எல்லாம் கேக்க வேண்டாம். ஒரு சொல்லுக் கேட்டால் காணும்."

"எந்தச் சொல்லு?"

"நவத்தன்ன."

சிங்களத்தில் 'நில்' என்று அர்த்தம். அவளுக்குச் சிங்களத்தில் தெரிந்த சில சொற்களில் அதுவும் ஒன்று.

பத்து, பத்து, நூறு

இந்த இடத்தில் வாசகர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கணக்கு இரண்டு வரிதான்.

திரான்சிஸ்டருக்கு மூன்று கால். ஒரு காலில் சின்னச் சத்தத்தைக் கொடுத்தால் இன்னொரு காலில் பெரிதாக வெளியே வரும். உள்ளே போனதைப்போல எத்தனை மடங்கு வெளியே வருகிறது என்பதற்குத்தான் பாடப்புத்தகத்தில் வோல்ற்றளவு நயம் என்று பெயர். அதை நாம் தீர்மானிக்கலாம். மேல் காலில் ஒரு தடை, கீழ்க் காலில் ஒரு தடை. மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்தால் ஏறக்குறைய நயம் வந்துவிடும். நான் மேலே நாலாயிரத்து எழுநூறு ஓம் போட்டேன், கீழே நானூற்று எழுபது. பத்து மடங்கு. அதுபோல இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் பத்துத் தரம் பத்து, நூறு.

கரும்பலகையில் அது நூறுதான். மேசையில் ஒட்டி அளந்தால் குறையும். முதல் திரான்சிஸ்டர் கொடுப்பதை இரண்டாவது கொஞ்சம் உறிஞ்சிவிடும். தனியாக நின்றபோது பத்து மடங்கு காட்டியது, பின்னால் ஒன்று வந்து தொற்றிக்கொண்டதும் ஆறாகிவிடும். இதைச் சுமை என்போம். பரீட்சையில் பிள்ளைகள் மறக்கிற இடம் இதுதான். ஆறைப் பத்தால் பெருக்கினால் அறுபது. மூன்றாவது திரான்சிஸ்டர் பெரிதாக்குவதில்லை. காதுக்குள் வைக்கிற சின்ன ஒலிபெருக்கியைத் தள்ளி ஓட்டுவது மட்டும் அதன் வேலை.

பழைய ரேடியோக்களிலிருந்து சாமான்களைக் கழற்றினேன். உடைந்த கைத்தொலைபேசியிலிருந்து மைக். எல்லாவற்றையும் சவர்க்காரப் பெட்டிக்குள் அடக்கி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கப் பக்கத்தில் ஒரு திருகு வைத்தேன். தூண்டில் நைலோனில் கட்டி அண்ணனின் கழுத்தில் போட்டு, சேட்டுக்குள் விட்டோம். வயர் மட்டும் கொலருக்கு மேலால் வலது காதுக்குப் போனது.

மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்து நான் மெல்ல, "அந்தோனி அண்ணா" என்றேன்.

அவர் திரும்பி வாசலைப் பார்த்தார். என் குரல் எங்கிருந்து வருகிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு என் வாயைப் பார்த்தார். முகம் கோணியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

கடைக்குட்டி பேசப் பழகியது அவருக்குக் காது போன பிறகு. அவள் குரலை அவர் கேட்டதே இல்லை. அவள் ஓடிவந்து அவர் மடியில் ஏறி, கோழி முட்டையிட்ட கதையை ஒரே மூச்சில் சொன்னாள்.

"ஐயோ, இவள் இப்பிடியே கதைக்கிறவள்? உடைஞ்ச விசில் மாதிரியெல்லே கிடக்கு!" என்றார். முதன்முறையாக அவர் குரல் தணிந்து வந்தது. தன் குரல் அவருக்கே கேட்டுவிட்டது.

அன்றைக்கு முழுவதும் சேட்டுக்குள் கையை விட்டு அந்தத் திருகை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார். திரேசா அம்மியில் அரைத்தால் குறைப்பார், பிள்ளை பேசினால் கூட்டுவார். கண்ணால் பார்க்காமலே கை தானாகப் போய்வரப் பழகிவிட்டது.

நின்றார்

மறுநாள் காலை நான் பஸ்ஸுக்குப் போய்விட்டேன். நடந்ததைத் திரேசாதான் சொன்னாள். சோற்றுப் பார்சலோடு அவள் அண்ணனுக்குப் பின்னால் போயிருக்கிறாள்.

மண்மூடை அரணுக்கு மேலே நின்ற சிப்பாய், "நவத்தன்ன!" என்று கத்தினான்.

அண்ணன் நின்றார்.

"சொன்னவுடன நிண்டவர் மச்சாள். ஒரு அடி கூட எடுத்து வைக்கேல்ல. நான் மாதாவே எண்டு நெஞ்சில கை வைச்சனான்." இதை அவள் பிற்பாடு எத்தனையோ பேரிடம் சொன்னாள். கேட்டவர்கள் எல்லோரும் அவர் நின்றார் என்பதைத் தலையாட்டி ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் விடமாட்டாள்.

மேசையில் நான் மெல்லப் பேசியதற்கு அறுபது மடங்கு சரியாக இருந்தது. மேலே நின்று ஒருவன் தொண்டை கிழியக் கத்தினால் அதற்கும் அதே அறுபதுதான். காதுக்குள் ஆணி அடித்ததுபோல இருந்திருக்கும். அண்ணன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, முதல்நாள் முழுவதும் பழகியபடி, சத்தத்தைக் குறைக்கச் சேட்டுக்குள் கையை விட்டார்.

கழுத்தில் வயர். நெஞ்சில் ஒரு பெட்டி. உள்ளே போகிற கை. அவர்கள் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. துவக்கால் சுடாமல் விட்டது அதிசயம். இரண்டு பேர் பாய்ந்து விழுத்தினார்கள். துவக்குப் பிடி தலையின் வலது பக்கத்தில் இறங்கியது.

எத்தனையோ பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள், "ரீச்சர், உங்களுக்கு மனம் குத்தவில்லையா?" என்று. இல்லை. எனக்குக் கோபம்தான். ஒரு மனிதன் தன் ஊர்க் கடற்கரைக்குப் போவதற்கு நான் திரான்சிஸ்டரோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்ததே, அந்தக் கோபம். அது இன்னும் ஆறவில்லை.

கோணல் கதிரை

பாடசாலைக்கு ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். அப்படித்தான் நான் அந்தக் கதிரைக்கு வந்தேன்.

கணக்கை எழுதி முடித்துத் தாளைத் திருப்பினேன். அதிகாரி ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். படித்தவர் என்பது பார்க்கிற விதத்திலேயே தெரிந்தது.

"நூறு என்று எழுதியிருக்கிறீர்கள். சுமை?"

பயத்தில் நானே மறந்திருந்தேன். தாளை வாங்கி, நூறை வெட்டி அறுபது என்று எழுதினேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு அண்ணனைக் கொண்டுவரச் சொன்னார்.

அவருடைய வலது காதிலிருந்து கழுத்துவரை இரத்தம் காய்ந்து கிடந்தது. என்னைக் கண்டதும் ஏதோ பெரிய பிழை செய்துவிட்டவர்போலக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். என்னைப் பார்க்கும்படி அவரை நிறுத்தினார்கள். ஒரு சிப்பாய் சத்தமில்லாமல் அவருக்குப் பின்னால் போனான். அதிகாரி விரலை அசைத்தார். அவன் அண்ணனின் தலைக்குப் பின்னால் துவக்கை இழுத்து லோட் பண்ணினான்.

அந்த இரும்புச் சத்தத்துக்கு நான் துள்ளிவிட்டேன். கம்பி கட்டிய கால் முறிந்து, கதிரையோடு விழுந்தேன்.

அண்ணன் பின்னால் திரும்பவே இல்லை. நான் விழுந்ததைக் கண்டு ஓடிவந்து தூக்கினார்.

"என்ன மெற்றி, கதிரை உடைஞ்சு போச்சுதே? அடிகிடி பட்டதோ?" என்று முகாம் முழுவதும் கேட்கக் கத்தினார்.

துவக்கு அவருடைய முதுகைப் பார்த்தபடி அங்கேயே இருந்தது. அதிகாரி யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

பிறகு அவர் பெட்டியைக் கையில் எடுத்து, ஒலிபெருக்கியைத் துடைத்துத் தன் காதில் வைத்தார். திருகை ஏற்றினார். அந்த நேரம் வாசலில் நின்ற சிப்பாய் எதற்கோ "சேர்!" என்று குரல் கொடுத்தான். அதிகாரியின் முகம் சுளித்தது. மற்றக் கை பாய்ந்துபோய்த் திருகைப் பிடித்தது.

அந்தக் கை போன இடத்தை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். அவரை ஒருவரும் நிலத்தில் விழுத்தவில்லை.

"உங்கள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்றார். "பெட்டி இங்கே இருக்கட்டும். மேலே காட்ட வேண்டும்."

நான் அண்ணனின் சேட்டு நுனியைப் பிடித்து இரண்டு தரம் இழுத்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் பின்னால் வந்தார்.

பெட்டி

வலது காதிலும் இனி ஒன்றும் இல்லை என்று டொக்டர் சொன்னார். உள்ளே நரம்பு போய்விட்டதாம். எனக்கு அதை விளக்க அவர் படம் கீறத் தொடங்கினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பூச்சியத்தை அறுபதால் பெருக்கினால் என்ன வரும் என்பது எனக்குத் தெரியாதா?

அண்ணன் அதன் பிறகு கடலுக்குப் போகவில்லை. திரேசா கருவாட்டு வாடிக்கு வேலைக்குப் போனாள். அவர் கொட்டில் நிழலில் ஊராரின் கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய சத்தம்கூடக் குறைந்துவிட்டது. கடைக்குட்டி அவருக்குப் பக்கத்தில் இருந்து தன்பாட்டில் கதைத்துக்கொண்டே இருப்பாள். அவர் அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பல மாதம் போன பிறகு, நான் பஸ்ஸால் இறங்கி வரும்போது காவலரணில் ஒரு சிப்பாய் மறித்து, பழைய பேப்பரில் சுற்றிய ஒன்றைத் தந்தான். சவர்க்காரப் பெட்டி. மூடிக்கு மேலால் பிளாஸ்ரர் இறுக்கி ஒட்டியிருந்தது.

டொக்டர் சொன்னதெல்லாம் எனக்கு அந்த நேரம் மறந்துபோனது. மறந்ததா, மறக்க விரும்பினேனா தெரியாது. டொக்டர்மாரும் பிழை விடுகிறவர்கள்தானே என்று சொல்லிக்கொண்டு ஏறக்குறைய ஓடினேன். பேப்பரைக் கிழித்து, பெட்டியை அண்ணனின் கழுத்தில் போட்டு, வயரைக் காதில் வைத்து, திருகை முடிந்த மட்டும் ஏற்றினேன். திரேசா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். பிள்ளைகளும் சுற்றி நின்றார்கள்.

"கேக்குதே அண்ணா?"

அவர் என் வாயைப் பார்த்தார். திரேசாவைப் பார்த்தார். பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஓம் மெற்றி. நல்லாக் கேக்குது."

கடைக்குட்டி பெட்டிக்குள் வாயை வைத்து என்னவோ கத்தினாள்.

"அதே உடைஞ்ச விசில்" என்றார் அண்ணன். அவள் கையைத் தட்டிக் குதித்தாள். திரேசா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடவுள் இருக்கிறார் மச்சாள் என்று என் கையைப் பிடித்தாள். பிறகு அவர்கள் சாப்பாட்டைப் போடப் போனார்கள்.

குளிக்கப் போகுமுன் அண்ணன் பெட்டியைக் கழற்றி என்னிடம் தந்தார். அப்போதுதான் அது கையில் பாரமே இல்லாமல் இருப்பது தெரிந்தது. பிளாஸ்ரரை உரித்து மூடியைத் திறந்தேன். மூன்று திரான்சிஸ்டரும் இருந்தன, கம்பிகளும் இருந்தன. பற்றரியை அவர்கள் திருப்பித் தரவில்லை.